கண்டிச் சீமையில் முதல் முறை

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை வேளையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே ரயிலேறிய ஒருவர், அன்றைய பொழுது சாய்வதற்கு முன்னரே நானுஓயா நிலையத்தில் இறங்கி, இரு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, பெட்டியின் அடியில் எங்கோ மடித்து வைத்த சால்வையை நினைத்து ஏங்கி நிற்பது, இலங்கை மலைநாட்டிற்குப் புதிதாக வருகிற எவருக்கும் தப்பாத அனுபவம். அருவிகளையும் தேயிலைச் சரிவுகளையும் பார்த்து மெய்மறக்க வேண்டுமென்று வந்தவர், முதலில் பார்ப்பது தம் வாயிலிருந்து வெளிப்படுகிற ஆவியைத்தான். தஞ்சாவூர்ச் சமவெளியிலோ மதுரைச் சீமையிலோ பிறந்து வளர்ந்தவர்க்கு இந்த ஆவியே ஒரு வேடிக்கை. ஐம்பது வயதைக் கடந்த கண்ணியமான மனிதர்கள்கூட, யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வாயைக் குவித்து இரண்டு மூன்று முறை ஊதிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன், நானும் ஊதியிருக்கிறேன்.

இந்தக் குளிருக்குக் காரணம் எளிய கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் மேலே ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறைகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கொழும்பில் 28 பாகை வெப்பம் உள்ள சமயத்தில், இங்கே அது சுமார் 16 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தை, மாசி மாதங்களில் வானம் நிர்மலமாக இருக்கிற இரவுகளில் இன்னும் இறங்கி, விடியற்காலையில் புல்லின்மேல் பனி உறைந்து சுண்ணாம்பு தூவினாற்போல் வெளுத்துக் கிடப்பதும் உண்டு.

ஆனால் ஒரு தேசத்தின் சீதோஷ்ணத்தை அறிந்துகொண்டதனால் மட்டும் அந்தத் தேசத்தை அறிந்ததாகிவிடாது. அதன் பருவங்கள் எவை, எந்தப் பருவத்தில் அந்த ஊர் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே புறப்படுகிறார்கள், எதற்காகப் புறப்படுகிறார்கள் என்பதை அறிந்து, அவர்களோடு கூட்டத்தில் ஒருவனாகச் செல்லும்போதுதான் புதிய நாடு தன் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. மலைநாட்டிற்கு அப்படிப்பட்ட பருவங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஏரிக்கரையில் நடக்கிறது; மற்றொன்று மலையுச்சியில் நடக்கிறது.

ஏரிக்கரைப் பருவம் சித்திரைக்கு உரியது. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்து மலைகளை மாதக் கணக்கில் நனைக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை வந்து அதன் பங்கைப் பொழிகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மலைகள் தலை துவட்டிக்கொள்ளும் காலமாகிய பங்குனி, சித்திரையில், சமவெளி வெப்பத்தில் தகிக்கும்போது நுவரெலியா மாத்திரம் மலர்ந்து நிற்கிறது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கொழும்புப் புழுக்கத்திலிருந்து தப்பி வந்து ஏற்படுத்திய வழக்கம் அவர்கள் போன பின்னும் நின்றுவிடாமல், சிங்கள, தமிழ்ப் புத்தாண்டோடு இணைந்து, சகல ஜனங்களுக்கும் உரிய திருவிழாவாகிவிட்டது. விக்டோரியாப் பூங்காவில் மலர்க் காட்சி, பந்தயத் திடலில் குதிரை ஓட்டம், மலைச் சரிவில் மோட்டார்ப் பந்தயம் என்று ஏப்ரல் மாதம் முழுவதும் நகரம் விழித்திருக்கிறது. 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரியில் படகுகளும், கரையில் சிறுவர்களைச் சுமந்து செல்லும் மட்டக் குதிரைகளும் ஓய்வின்றி உழைக்கின்றன. புத்தாண்டுக்கு வாங்கிய புது உடுப்போடு, சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கும் தொழிலாளர்கள், தங்கள் கைகளால் செழித்த மலைகளுக்கு நடுவே அன்று ஒரு நாள் வேடிக்கை பார்க்கும் உரிமை பெற்றவர்களாய் உலவுகிறார்கள். தனிமையை நாடுகிறவர்கள் சித்திரையைத் தவிர்ப்பது நலம். மனிதர்களை நாடுகிறவர்கள் சித்திரையில்தான் வர வேண்டும்.

மலையுச்சியின் பருவத்தைச் சொல்லுமுன், இந்த மலைகளுக்கு முதல் முறையாக வந்த சிலரை நினைத்துப் பார்க்க வேண்டும். புதிய நாட்டில் எப்படி இருப்பது என்ற வித்தையை அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முதலாமவர் மொரோக்கோ தேசத்து யாத்திரிகரான இபுனு பதூதா. 1344ஆம் ஆண்டில் புத்தளக் கரையை அடைந்த அவர், அப்போது வட இலங்கையை ஆண்டுகொண்டிருந்த ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டபோது, அரசன் வேண்டியதைக் கேட்கும்படி சொல்ல, மலையுச்சியில் உள்ள ஆதி பிதா ஆதமின் திருப்பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது ஒன்றே தம் கோரிக்கை என்றார். அரசன் பல்லக்கு கொடுத்தான். வருஷந்தோறும் அந்த மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் பரிவாரத்தில் பத்துப் பேரையும், ஆகாரம் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினான். இஸ்லாமியரான ஓர் அதிதியை, தமிழ் மன்னன் ஒருவனுடைய ஆணையின் பேரில், சைவ யோகிகளும் அந்தணர்களும் அழைத்துச் சென்று ஒரே மலையில் ஏற்றிவிட்ட அந்த யாத்திரையைக் காட்டிலும் அழகான உல்லாசப் பிரயாணத்தை நான் படித்ததில்லை. வழியில் அட்டைகள் மேலே தாவிக் கடிப்பதையும், அவற்றுக்கென்றே ஜனங்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்து சாற்றைப் பிழிவதையும், செங்குத்தான பாறைகளில் ஏறுவோர் பற்றிக்கொள்ளச் சங்கிலிகள் பொருத்தியிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அறுநூற்றெண்பது ஆண்டுகள் ஆகியும் மழைக்காலத்தில் அட்டைகளின் குணத்தில் மாறுதல் இல்லை.

இரண்டாமவர் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர். காய்ச்சலால் நலிந்திருந்த அவர் நுவரெலியாவுக்கு வந்து சில நாட்களிலேயே உடல் தேறியதைக் கண்டு பரவசமடைந்து, இங்கே ஒரு சிறிய இங்கிலாந்தையே நிறுவிவிடுவதென்று தீர்மானித்தார். 1848இல் ஆட்கள், கொல்லர், உழவுக் கருவிகள், உயர்சாதிப் பசு, செம்மறிக் கடா, வேட்டை நாய், கோச்சு வண்டி ஆகிய சகலத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ரம்பொடை மலைப் பாதையில் குதிரைக்காரன் வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டான். பசு மலையேறும் வழியிலேயே மாண்டது. உதவிக்கு அனுப்பப்பட்ட யானையைக் குதிரை என்று கருதி அவன் விரட்டியதில் யானையும் உயிர் விட்டது. விதைத்த உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. பேக்கர் மனந்தளராமல் சில ஆண்டுகள் போராடி, 1855இல் திரும்பிச் சென்றார். அவர் எழுதிய நூலில் இவற்றையெல்லாம் தாமே சிரித்துக்கொண்டு சொல்கிற பெருந்தன்மை இருந்தது. பிறந்த நாட்டையே மூட்டை கட்டிக்கொண்டு போகிறவனுக்குப் புதிய நாடு வழி விடுவதில்லை என்பதை அவருடைய பசுவும் யானையும் உயிரைக் கொடுத்து நமக்குப் போதித்திருக்கின்றன. இன்றும் விடுதியில் இறங்கியதும் நம் ஊர்ச் சாம்பார் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரிக்கிறவர்கள், சிறிய அளவில் பேக்கருடைய சந்ததியாரே.

மூன்றாமவர்கள் பெயரில்லாதவர்கள், பல்லாயிரக்கணக்கானவர்கள். இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வரை வந்து, அங்கிருந்து மலைகளில் பரவிய நம்மவர்கள். அந்த வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர்கள் எண்ணற்றோர். அவர்களில் முன்பு வந்தவர்கள் ஒரு பருவத்துக்கு மட்டுமே வந்தவர்கள் என்பதைப் பலர் அறியார். அக்காலத்தில் மலைநாட்டில் விளைந்தது காப்பி. காப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் அதிகக் கைகள் தேவை. ஆகவே ஆண்கள் வந்தார்கள், பறித்தார்கள், கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். 1869இல் காப்பி இலைகளில் துருப்போல ஒரு பூஞ்சண நோய் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் மலைகளையே மொட்டையாக்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது.

தேயிலையின் சுபாவம் வேறு. அதற்கு அறுவடைக் காலம் என்று ஒன்று கிடையாது. இன்று கிள்ளிய செடியில் சுமார் ஏழு நாட்களில் மறுபடியும் கொழுந்து விட்டிருக்கும். உரிய நாளில் கிள்ளாவிட்டால் இலை முற்றிப்போகும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியைக் கிள்ளுவதற்கு வருஷம் முழுவதும் கைகள் வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். லயன் அறைகள் எழுந்தன. பருவத்துக்கு வந்தவர்கள் பருவமில்லாத ஒரு பயிரினால் குடிகளானார்கள். துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரட்டுக்களம், கவ்வாத்து என்று ஒரு தனி உலகமும் அதற்கொரு தனித் தமிழும் பிறந்தன. தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். அடியில் அகப்பட்டது அட்டைதான். ஆயினும் அவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டு வந்தது பசுவையோ வண்டியையோ அன்று. மாரியம்மனையும், தப்பையும், மாசி மாதத்துக் காமன் கூத்தையும் கொண்டு வந்தார்கள். பருவமற்ற உழைப்புக்கு நடுவே பண்டிகைகளால் தங்களுக்கென்று பருவங்களைச் சமைத்துக்கொண்டார்கள். அந்நிய மலை அப்படித்தான் சொந்த மலையாயிற்று.

இந்தச் சரித்திரத்தில் ஒரு குரூரமான திருப்பமும் உண்டு. 1948இல் இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. தலைமன்னார் வழியே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய அம்மக்களில் பலர், தமிழ்நாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் கண்டார்கள். தாய்நாடு என்று மற்றவர்கள் சொன்ன நாடு அவர்களுக்குப் புதிய நாடாக இருந்தது. வெயிலே அவர்களுக்கு விநோதமாக இருந்தது. குளிர் தேடி நீலகிரிக்குச் சென்று, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைச் செடியின் முன் நின்றவர்கள் அநேகர். எந்த நாடு நமக்குப் புதிது, எது பழையது என்பதைக் கடவுச்சீட்டு நிச்சயித்துவிட முடியாது.

இனி மலையுச்சிக்கு வருவோம். ஹட்டனிலிருந்து தென்மேற்கே பார்த்தால், மேகம் விலகிய நாட்களில், கூம்பு போன்ற ஒரு சிகரம் தனித்து நிற்பது தெரியும். 2,243 மீட்டர் உயரமுள்ள இதனைச் சிவனொளிபாதமலை என்பர் சைவர். ஸ்ரீபாதம் என்பர் பௌத்தர். பாவா ஆதம் மலை என்பர் இஸ்லாமியர். கிறிஸ்தவர்களும் தங்களுக்கொரு பாரம்பரியம் கூறுகின்றனர். உச்சியில் உள்ள பாதச் சுவடு ஒன்றே. அது யாருடையது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஓர் உறுதி. மார்கழியை ஒட்டிய டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம், மே மாதத்து வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. மற்ற மாதங்களில் காற்றும் மழையும் மலையைத் தமக்கென்று வைத்துக்கொள்கின்றன.

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரையில் பஸ் செல்கிறது. வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் குறுக்கிடும். பழைய மஸ்கெலியா நகரம் அதனடியில்தான் மூழ்கிக் கிடக்கிறது. நீர் மிகவும் வற்றுகிற ஆண்டுகளில் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தலைகாட்டும். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 5,500 படிகள். சூரியோதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டுமானால், பின்னிரவு இரண்டு மணிக்குள் புறப்பட வேண்டும். சாதாரண தேகபலம் உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரமாகும். பருவ காலத்தில் வழி நெடுக மின்விளக்கு உண்டு. தேநீர்க் கடைகளும் உண்டு. ஏறும்போது உடல் சுடும், உச்சியில் நின்றதும் எலும்பு நடுங்கும். ஆகையால் கம்பளி உடையைக் கையில் கொண்டுபோய் மேலே அணிவதே விவேகம்.

இந்த யாத்திரையின் காலத்தை எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. நம் பழைய இலக்கணம் மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் வகுத்தது. முன்பனியில் தொடங்கி, யாமத்தில் ஏறும் மலை இது. ஹோர்ட்டன் சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கின்ற நெலுச் செடிகளும் நமது குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தவைதாம். கடல் கடந்து வந்து, முன்பின் அறியாத நாட்டில் நிற்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, நம் மொழி நமக்கு முன்பே இந்த இடத்தையும் பொழுதையும் குறித்து வைத்திருக்கிறது.

நான் முதன்முறையாக ஏறிய இரவில், இருட்டில் கால் போன போக்கில் விரைந்து, ஆயிரம் படிகளுக்குள் மூச்சு முட்டி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிங்கள யாத்திரிகர் முதல் முறை ஏறுகிறவனைக் கோடுகாரயா என்று அழைப்பார்கள். என் முகத்திலேயே அது எழுதியிருந்தது போலும். கம்பளிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு, பேரப் பிள்ளைகள் இருவரோடு வந்த ஒரு தோட்டத்து மூதாட்டி பக்கத்தில் நின்றார்.

“புதுசா வர்றவங்கதான் வேகமா ஏறுவாங்க, தம்பி. பழகுனவங்க பேசிக்கிட்டே ஏறுவோம்” என்றார்.

“இன்னும் எவ்வளவு தூரம் அம்மா?” என்று கேட்டேன்.

“அதக் கேக்கக்கூடாது. கேட்டா தூரம் கூடிப்போகும்.”

அதன்பின் அவருடைய நடையே என் நடையாயிற்று. சீத கங்குலையில் முகம் கழுவினோம். மேலே ஒரு கடையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேயிலைச் சாயம் குடித்தோம். இந்த மேற்கு மலைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த காற்றும் குளிர்ந்த இரவும்தான் மணத்தைக் கொடுக்கின்றன. கொழுந்து மெதுவாக வளர்வதால் சுவை அதில் அடர்கிறது. கடைக்காரர் தந்த கோப்பையில் இருந்தது அந்த மணந்தானா என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. குடித்த எல்லாவற்றிலும் அதுவே உயர்ந்தது என்று மட்டும் தோன்றிற்று.

வயதான காலத்தில் ஆண்டுதோறும் இவ்வளவு சிரமப்பட்டு வருவானேன் என்று அவரிடம் கேட்டேன். மூதாட்டி சற்று யோசித்தார்.

“வருஷம் பூரா கூடையச் சொமந்துக்கிட்டு மலை ஏறுனவ நான். கூடை இல்லாம ஏறுற மலை இது ஒண்ணுதான், தம்பி.”

தோட்டத்தில் தேயிலை நிலத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் மலை என்றே பெயர்; இன்ன எண் மலையில் இன்று கொழுந்து என்பார்கள். அன்றாடம் மலையேறுவதைத் தொழிலாகக் கொண்டவர், உல்லாசத்துக்கும் மலையையே தேர்ந்திருக்கிறார் என்ற எண்ணத்தோடு எஞ்சிய படிகளை நான் மௌனமாகக் கடந்தேன்.

உச்சியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஒரு புறம் “சாது, சாது” என்ற ஒலி. மறுபுறம் “அரோகரா” என்ற முழக்கம். சூரியன் எழுந்த கணத்தில் மேற்கே மேகப் பரப்பின்மேல் மலையின் நிழல், கோடு கிழித்தாற்போன்ற முக்கோணமாக விழுந்து கிடந்தது. சற்று நேரத்தில் அது சுருங்கி மலைக்குள்ளேயே திரும்பிவிட்டது. அங்கே ஒரு மணி தொங்குகிறது. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை அதை அடிப்பது சம்பிரதாயம். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மூதாட்டி, “ஒரு தரந்தான் தம்பி, கள்ளக் கணக்கு ஆகாது” என்றார். பேரப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஒரு தரம் அடித்தேன். பின்பு அவர் சால்வையை ஒதுக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். எண்ணத் தொடங்கிய நான் பதினான்குக்கு மேல் கணக்கைத் தவறவிட்டேன், அவர் தவறவிடவில்லை.